பதிவு செய்துவிட்டால் கிரெடிட் வந்துவிடுமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார், இப்போது ஐந்தாம் பருவம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்தால் வெட்டு கிடையாது. அம்மா அண்டியாபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை. அண்ணன் சவுதியில். இந்தப் பருவத்தில் 4 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் வரும் புள்ளி) உள்ள எலக்டிவ், அதாவது விருப்பப் பாடம், ஒன்று எடுக்க வேண்டும். கல்லூரியில் கொடுக்கும் இரண்டு பாடங்களிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. படிப்பு முடிந்ததும் எம்.பி.ஏ. அல்லது வங்கி வேலை என்று எண்ணம் இருப்பதால், எலக்டிவுக்குப் பதிலாக ஆன்லைனில் அடிப்படை ஃபைனான்ஸ் பாடம் ஒன்றை எடுக்க ஆசைப்படுகிறார். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் 12 வாரப் பாடம் ஒன்றில் பதிவும் செய்துவிட்டார். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டபோது, “முடிச்சிட்டு வா, சேத்துக்கலாம்” என்றாராம். ஆகவே எலக்டிவ் தேர்வு எழுதத் தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

இதற்கிடையில் ஒரு தனியார் மையம் குறுக்கே வந்திருக்கிறது. “எங்கள் ஃபைனான்ஸ் சர்டிபிகேட்டுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு, எந்தக் கல்லூரியிலும் 4 கிரெடிட் கிடைக்கும்” என்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 21,000 ரூபாய். இல்லையென்றால் மாதம் 2,000 வீதம் 12 மாதம், “வட்டியில்லா இஎம்ஐ”. முன்பதிவுக்கு 500 ரூபாய் கொடுத்து, ஆதார், பான் நகல்களையும் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். அவருடைய கேள்விகள்: இரண்டில் எது நல்லது? கல்லூரி ஏற்க மறுத்தால் புகார் செய்ய முடியுமா? பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவளுக்கு ஃபைனான்ஸ் ஓடுமா? வீட்டில் சிக்னல் கிடைக்காதே, தேர்வை எப்படி எழுதுவது?

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அவசரமான இரண்டு விஷயம். அந்த மையத்தில் இனி ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், எந்த ஆப்பிலும் ஓடிபி கொடுக்க வேண்டாம். இரண்டாவது, கல்லூரியிலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை எலக்டிவ் வகுப்பையும் அதன் தேர்வுக் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்வயம் பாடத்தில் பிழை ஒன்றுமில்லை, நல்ல தேர்வு. ஆனால் அதைச் சுற்றி நீங்கள் எடுத்துக்கொண்ட சில முடிவுகள்தான் கவலை தருகின்றன.

கிரெடிட் யார் கையில் இருக்கிறது

அரசாங்கத் தளம், ஐஐடி பேராசிரியர் நடத்துகிறார், அதனால் கல்லூரி ஏற்றே தீர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள யுஜிசி 2016-இல் விதிமுறை கொண்டுவந்தது. அப்போது ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை என்று இருந்ததை 2021 விதிமுறை 40 சதவீதமாக உயர்த்தியது. இதைப் பல மாணவர்கள் “40 சதவீதம் என் உரிமை” என்று படிக்கிறார்கள். அது கல்லூரிக்கு வைத்த உச்சவரம்பு. அதற்குள் எந்தப் பாடத்தை ஏற்பது, எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்று முடிவு செய்வது கல்விக் குழு. தன்னாட்சிக் கல்லூரியென்றால் அந்தக் குழு கல்லூரிக்குள்ளேயே இருக்கும். இல்லையென்றால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு வகைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அடுத்த கல்லூரியில் படிக்கும் தோழிக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது.

உங்கள் வகுப்பு ஆசிரியர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. “சேத்துக்கலாம்” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பல கல்லூரிகள் ஸ்வயம் பாடத்தைக் கூடுதல் கிரெடிட்டாக மட்டும் சேர்க்கின்றன. மார்க் ஷீட்டில் ஒரு வரி கூடும், ஆனால் எந்தத் தாளும் குறையாது. நீங்கள் கேட்பதோ மாற்றாக, அதாவது எலக்டிவ் தாளே வேண்டாம் என்று. ஆசிரியர் முதல் பொருளில் சொல்லி, நீங்கள் இரண்டாம் பொருளில் எடுத்துக்கொண்டிருந்தால், நவம்பரில் எலக்டிவ் தேர்வுக்குப் போகாமல் வீட்டில் இருப்பீர்கள். முடிவு வரும்போது அந்தத் தாளுக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று இருக்கும். ஃபைனான்ஸில் 80 மார்க் வாங்கி, கூடவே ஒரு அரியரும் வைத்துக்கொண்டு எம்.பி.ஏ. விண்ணப்பத்தை நிரப்புவீர்கள். தேர்வுப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இப்படி அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. ஸ்வயத்தில் ஐஐடிகளின் கூட்டு அமைப்பான என்பிடெல் நடத்தும் பாடங்களில் 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. உங்கள் எலக்டிவ் 4 கிரெடிட். மாற்றாக ஏற்றுக்கொண்டாலும் ஒன்று குறைகிறது. பட்டம் வாங்கத் தேவையான மொத்தத்தில் அந்த ஒன்றுக்காக நிறுத்திவைப்பார்கள். ஸ்வயத்தில் 15 வார, 4 கிரெடிட் பாடங்களும் உண்டு. கலை அறிவியல் இளநிலைப் பாடங்களை சிஇசி என்ற அமைப்பும், மேலாண்மைப் பாடங்களை ஐஐஎம் பெங்களூரும் ஒருங்கிணைக்கின்றன. ஒவ்வொரு ஜனவரி, ஜூலைப் பருவத்திலும் பட்டியல் மாறும். பாடத்தின் முகப்புப் பக்கத்திலேயே வாரம், கிரெடிட், இளநிலையா முதுநிலையா என்று போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு. கல்லூரியில் ஸ்வயத்துக்கென்று பொறுப்பாசிரியர் இருந்தால் அவருக்கும் ஒரு நகல். இப்படி எழுதினால் போதும்:

“ஐந்தாம் பருவ எலக்டிவ் தாளுக்கு (தாள் எண் இது) மாற்றாக, ஸ்வயம் தளத்தில் இந்தப் பாடத்தை (பெயர், பாட எண், வாரம், கிரெடிட்) எடுக்க அனுமதி வேண்டுகிறேன். அனுமதி உண்டெனில், இது மாற்றாகவா கூடுதலாகவா, கிரெடிட் வேறுபட்டால் எப்படிக் கணக்கிடப்படும், சர்டிபிகேட்டை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தயங்க வேண்டாம், ஆபீஸில் கேட்டால் போட்டுத் தருவார்கள். நீங்கள் கேட்கும் பாடம் கல்லூரியில் இல்லை, மாணவர் விரும்பும் எலக்டிவைக் கல்லூரி நடத்தவில்லை என்பதெல்லாம் ஸ்வயம் பாடத்தை ஏற்பதற்கு யுஜிசி விதிமுறையே சொல்லும் காரணங்கள். அதை ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். சர்டிபிகேட் ஒப்படைக்கும் தேதியைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஸ்வயம் முடிவு வருவதும் கல்லூரி மார்க் ஷீட் தயாராவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

அந்த ‘வட்டியில்லா’ 2,000 ரூபாய்

மையத்தின் பேச்சைப் பற்றி. யுஜிசி அங்கீகரிப்பது பல்கலைக்கழகங்களையும், அவை நடத்த அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டப்படிப்புகளையும். ஒரு தனியார் மையத்தின் தனிச் சர்டிபிகேட்டுக்கு “எல்லாக் கல்லூரியிலும் 4 கிரெடிட்” என்று யாரும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. சந்தேகமென்றால் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “என் கல்லூரி இதை ஏற்கும் என்று லெட்டர்பேடில் எழுதித் தருவீர்களா, ஏற்காவிட்டால் பணம் திரும்பத் தருவீர்களா?” பதில் வரும் வேகத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

இப்போது இஎம்ஐ. நீங்கள் படிக்க நினைக்கும் பாடத்தின் முதல் சில வாரங்கள் முழுக்க இந்தக் கணக்குதான். இன்றைய பணமும் நாளைய பணமும் ஒன்றல்ல, அந்த வித்தியாசத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத்தான் வட்டி என்கிறோம். உங்கள் தொகையிலேயே போட்டுப் பார்ப்போம்.

கையில் பணம் இருந்தால் 21,000. தவணையில் 24,000. கூடுதல் 3,000. “ஒரு வருஷத்துக்கு 21,000-க்கு 3,000, அதாவது 14 சதவீதம், பரவாயில்லை” என்று தோன்றும். அந்தக் கணக்கு தவறு. 21,000 ரூபாய் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் மாதமே 2,000 போய்விடுகிறது. அதில் ஏறக்குறைய 445 ரூபாய் வட்டி, 1,555 அசல். அடுத்த மாத வட்டி மிச்சமுள்ள 19,445-க்குத்தான், 412 ரூபாய். இப்படியே இறங்கி, ஆறு தவணை முடியும்போது பாக்கி 11,000 சொச்சம். குறைந்துகொண்டே போகும் தொகைக்கு மொத்தம் 3,000 வட்டி என்றால், மாதம் 2.1 சதவீதத்துக்கு மேல், ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல். பிராசஸிங் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் இன்னும் ஏறும். நம்பிக்கை இல்லையென்றால் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்து, ‘ரேட்’ சூத்திரத்தில் 12, பிறகு கழித்தல் குறியோடு 2000, பிறகு 21000 என்று கொடுத்துப் பாருங்கள்.

நகைக்கடைச் சீட்டு, குழுக்கடன், தவணையில் வாங்கிய மிக்ஸி எல்லாவற்றிலும் நம் வீடுகளில் ‘மாசம் எவ்வளவு’ என்றுதான் கேட்கிறோம், ‘வருஷத்துக்கு எத்தனை சதவீதம்’ என்று கேட்பதில்லை. பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை என்று பயந்தீர்களே, மேலே போட்டதில் பெருக்கல், வகுத்தல், சதவீதம் தவிர என்ன இருந்தது? அடிப்படைப் பாடத்தில் கூட்டுவட்டி, தற்போதைய மதிப்பு, ஒரு நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைப் படிப்பது, பங்குக்கும் கடன்பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு என்ற அளவில்தான் போகும். 8 சதவீத வட்டியில், அடுத்த ஆண்டு வரப்போகும் 10,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 9,259. அதாவது 10,000-ஐ 1.08-ஆல் வகுக்கிறோம். இது புரிந்தால் முதல் நான்கு வாரம் தாண்டிவிடுவீர்கள். ஆனால் ‘அடிப்படை’ என்று பெயர் வைத்துவிட்டுப் புள்ளியியலுக்குள் இறங்கும் பாடங்களும் உண்டு. வாரவாரியான பாட அட்டவணையைப் பார்த்து, முன்தேவை என்று கணக்கோ புள்ளியியலோ கேட்டால் வேறு பாடத்துக்குப் போங்கள்.

ஆதார், பான் நகல் போயிருக்கிறது என்றீர்கள். உங்கள் பெயரில் கடன் ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பெரும்பாலும் இந்த இஎம்ஐ, மையம் கொடுப்பதல்ல. பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருக்கும். மையம் மூடிப்போனாலும் தவணை ஓடும். அப்படிக் கடன் எழுதியிருந்தால், 2024 அக்டோபர் 1 முதல் அவர்கள் ஆண்டு சதவீத விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆன்லைன் கடனில் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசமும் உண்டு, அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் போதும், முன்பே சொல்லியிருந்தால் பிராசஸிங் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் அனுமதி ஏதும் போட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வாட்ஸாப்பிலேயே செய்தி அனுப்புங்கள். “சேர விருப்பமில்லை, என் ஆவணங்களை எந்தக் கடனுக்கும் பயன்படுத்த அனுமதியில்லை” என்ற வரியும் அதில் இருக்கட்டும். பெரிய தொகை கட்டி ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. 500 ரூபாய்க்காக அங்கே அலைவது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் 1915-க்கு ஒரு போன் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விடுவேன்.

தேர்வு, பெயர், சிக்னல்

வீடியோ பார்ப்பது இலவசம், தேர்வு இலவசமில்லை. பாடத்தில் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதைத் தவறவிட்டால் பன்னிரண்டு வாரம் படித்தும் சர்டிபிகேட் இல்லை. என்பிடெல் பாடங்களுக்கு ஒரு தேர்வுக்கு 1,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. மற்ற பல பாடங்களுக்குத் தேசியத் தேர்வு முகமை தேர்வு நடத்துகிறது, அதற்குத் தனிக் கட்டணம். அண்ணனிடம் கேட்க வேண்டிய தொகை இவ்வளவுதான்.

தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதில்லை, மையத்துக்குப் போக வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாகர்கோவில் காட்டினால் அது. இல்லையென்றால் பழக்கத்தில் திருநெல்வேலியைப் போட்டுவிடாதீர்கள், குலசேகரத்திலிருந்து திருவனந்தபுரம்தான் பக்கம். ஆகவே சிக்னல் பிரச்சினை வாரப் பயிற்சிகளுக்கு மட்டும்தான். வீடியோக்களைக் கல்லூரியிலோ நூலகத்திலோ இறக்கிக்கொள்ளலாம். சில என்பிடெல் பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. பயிற்சியைக் கடைசி நாள் இரவுக்கு விடாதீர்கள். துலாம் மாத மழையில் கரண்டும் போய் டவரும் போனால் தளம் உங்களுக்காகக் காத்திருக்காது. நல்லவேளையாக, என்பிடெல்லில் 12 வாரப் பாடத்தின் பயிற்சிகளில் சிறந்த எட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 25, தேர்வுக்கு 75. தேறுவதற்குப் பயிற்சியில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் வேண்டும். இரண்டிலும் தனித்தனியாக.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கும், கல்லூரிப் பதிவில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால். கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு இணைவதால், எழுத்து மாறினால் கிரெடிட் உங்கள் கணக்குக்கு வந்து சேராது. ஸ்வயத்தில் தேர்வுக்குப் பதிவு செய்யும்முன் இதைச் சரிசெய்யுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. அந்தக் கணக்கில் கிரெடிட் ஏறியதாலேயே பட்டத்தில் சேர்ந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். கல்லூரி ஏற்றால்தான் சேரும்.

கல்லூரி மறுத்தால்

அனுமதி கேட்டு, அவர்கள் ‘முடியாது’ என்றால், அது பெரும்பாலும் அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. சண்டை போட்டு ஒரு பருவத்தை வீணாக்காமல், கல்லூரி எலக்டிவையும் எழுதி ஃபைனான்ஸைக் கூடுதலாகப் படியுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் வங்கி, நிதி, காப்பீடு சார்ந்த பாடங்கள் இருக்கின்றன, கல்லூரிகளில் அவை பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருவதால் அங்கும் விசாரியுங்கள். எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டு, சர்டிபிகேட் கொண்டுபோனபிறகு மறுத்தால் கதை வேறு. அப்போது கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். யுஜிசியின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும், புகார் வந்து 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையென்றால் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தக் கையெழுத்தும் தேதியும் போட்ட நகல். ஆசிரியர் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது, அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள்.

கடைசியாக எம்.பி.ஏ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு டான்செட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், இந்தச் சர்டிபிகேட்டுக்குத் தனி மார்க் கிடையாது. ஆனால் நேர்முகம் வைக்கும் கல்லூரியில் “ஆங்கில இலக்கியம் படித்தவர் ஏன் இங்கே வருகிறீர்கள்” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். வங்கித் தேர்வில் பொருளாதாரம், வங்கி விழிப்புணர்வுக் கேள்விகளுக்கு இந்தப் பாடம் நேரடியாகவே உதவும். ஸ்வயம் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, முதல்வருக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள். தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதி நெருங்கும்போதும் பதில் வரவில்லையென்றால், 1,000 ரூபாயைக் கட்டிவிட்டு, கல்லூரி எலக்டிவ் தேர்வுக்கும் சேர்த்தே பணம் கட்டுங்கள்.